திருத்தளத்தின் கீழ் நிலமகள்

ஐம்பெரும் பூதங்களுள் நிலத்தை முதற்கண் வைத்து எண்ணுதல் ஆன்றோர் மரபு. நீரைத் தாங்குவதும், தீயை அடக்குவதும், வளி உலவ இடந்தருவதும், வானத்தின் கொடையை ஏற்று உயிர்க்குலத்திற்கு உணவாக்குவதும் நிலமே. இறைவன் தன்னை நிலவடிவாகவும் காட்டியருளினான் என்பதற்குக் காஞ்சியிலுள்ள பிருதிவித் தலம் சான்றாக விளங்குகின்றது.

திருக்குட நீராட்டு நாளில் அடியார் திருக்கூட்டம் அண்ணாந்து நோக்கி நிற்பது விமானத்தின் உச்சியையே. கடம் புறப்பட்டு, வேதமும் திருமுறையும் முழங்க, தூபிமீது திருநீர் சொரியப்படும் அக்கணத்தில் கண்கள் யாவும் வானோக்கி இருக்கும். ஆயினும் அவ்விழாவின் தொடக்கம் வானில் அன்று, மண்ணில்தான். வேள்விச்சாலைக் கிரியைகள் நிகழுமுன்னரே மிருத்சங்கிரகணம் எனப்படும் மண்ணெடுத்தல் நிகழ்கின்றது. தூய இடமொன்றில் நிலமகளை வணங்கி, அவளிடம் இசைவு வேண்டி, மண்ணை அகழ்ந்து எடுத்து வருகின்றனர். அம்மண்ணைப் பாலிகைகளில் இட்டு, ஒன்பான் தானியங்களை விதைத்து, நீர் தெளித்து வைக்கின்றனர். இது முளைப்பாலிகை இடுதல், வடமொழியில் அங்குரார்ப்பணம். முளை செழித்து வந்தால் நல்ல அறிகுறி என்பர். அஃதாவது, எடுத்த மண் உயிருள்ள மண்தானா என்பதே திருக்குட நீராட்டில் முதற்கண் எழுப்பப்படும் வினா.

அந்த வினாவை, கோயிலைச் சூழ்ந்த நிலத்திற்கும், கோயிலைச் சூழ்ந்த நகரத்திற்கும் விரித்துக் காண்பது இக்காலத்திற்கு மிகவும் வேண்டற்பாலது. ஏனெனில் திருநெல்வேலி போன்ற தொன்மையான நகரங்களில் நிலத்தின் முகம் ஆண்டுதோறும் தாராலும் சிமெண்டினாலும் மூடப்பட்டு வருகின்றது. மேலே நடப்போருக்கு வழி செவ்வையாயிற்று. கீழே இருக்கும் மண்ணின் கதி யாதாயிற்று என்பதை எண்ணுவார் சிலரே.

சுமக்கும் தன்மையும் விளைக்கும் தன்மையும்

கோயிற் கட்டடக்கலையையும் வழிபாட்டு முறையையும் கூறும் ஆகமங்கள் திருக்கோயிற் பணியைக் கர்ஷணம் முதல் பிரதிஷ்டை ஈறாக வகுத்துரைக்கின்றன. கர்ஷணம் என்பது உழுதல். கல்லைத் தேடுமுன், சிற்பியை அழைக்குமுன், ஏரைப் பூட்டுக என்பதே அவற்றின் ஆணை. கோயில் எழவிருக்கும் நிலத்தை எருது பூட்டி உழுது, விதை விதைத்து, பயிர் வளர்ந்தபின் பசுக்களையும் கன்றுகளையும் அதனுள் மேயவிட வேண்டும். அவற்றின் குளம்பு பட்டு, மூச்சுப் பட்டுத் தூய்மை எய்திய பின்னரே அந்நிலம் இறைவனுக்கு உரியதாகும் என்று மயமதம் போன்ற சிற்ப நூல்கள் விதிக்கின்றன.

இதனோடு மற்றொரு சோதனையும் உண்டு. நிலத்தில் ஒரு குழி வெட்டி, எடுத்த மண்ணை மீண்டும் அக்குழியிலேயே இட்டு நிரப்புவர். மண் குழியை நிரப்பி மிஞ்சுமாயின் அந்நிலம் உத்தமம். சரியாக நிரம்பின் மத்திமம். குறைந்து பள்ளம் விழுந்தால் அதமம். இதன் உட்பொருள் எளிது. இயற்கையாகவே செறிந்து உறுதியாய் இருக்கும் மண், கிளறப்பட்டதும் உப்பிப் பெருகும். உள்ளே தளர்ந்து கிடக்கும் மண் பெருகாது. பெருஞ்சுமையைத் தாங்கவல்ல நிலம் எது என்பதை அளவுகோலும் எந்திரமும் இல்லாத காலத்தில் இவ்வாறு அறிந்தனர்.

இவ்விரு சோதனைகளையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். குழிச்சோதனை நிலத்தின் சுமக்கும் தன்மையைக் காண்பது. உழவுச்சோதனை அதன் விளைக்கும் தன்மையைக் காண்பது. சுமந்தால் மட்டும் போதாது, விளையவும் வேண்டும். விளைந்தால் மட்டும் போதாது, சுமக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருசேர அமைந்த மண்ணே ஆலயத்திற்குரிய மண் எனக் கொண்டனர். பிற்கால நகரங்கள் இவற்றுள் முன்னதை வைத்துக்கொண்டு பின்னதைக் கைவிட்டன. தரை தாங்கினால் போதும் என்ற எண்ணமே தார்ச்சாலைக்கும் சிமெண்டுத் தளத்திற்கும் அடிப்படையாயிற்று.

நெல்லுக்கு வேலியிட்ட நகரம்

திருநெல்வேலி என்னும் பெயரே நிலத்தின் விளைவைப் போற்றும் பெயர். இறைவனுக்குத் திருவமுது படைக்க வேதபட்டர் என்னும் அடியார் இரந்து பெற்ற நெல்லை வெயிலில் உலர்த்திவிட்டு நீராடச் சென்றார் என்றும், அவ்வேளை பெருமழை பெய்ய, வெள்ளம் நெல்லைக் கொண்டுபோகாவண்ணம் இறைவன் வேலியிட்டுக் காத்தான் என்றும் தலவரலாறு கூறுகின்றது. அதற்கும் முன்னர் இவ்விடம் வேணுவனமாக, மூங்கிற்காடாக இருந்தது என்றும், மூங்கிலின் அடியில் இறைவன் வெளிப்பட்டான் என்றும் புராணம் உரைக்கும். இன்றும் தலமரம் மூங்கிலே. நெல்லும் மூங்கிலும் ஈரமண்ணின் மக்கள் அல்லவா? திருஞானசம்பந்தப் பெருமான் பாடிப் பரவிய இத்தலம், தொடக்கமுதலே ஊறும் மண்ணோடு உறவுடையதாகும்.

பொதிகை மலையிற் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலொடு கலக்கும் தாமிரபரணி, ஏறக்குறைய 125 கிலோமீட்டர் அளவே ஓடும் சிற்றாறாயினும், அதன் இருகரையும் செய்த வேளாண்மை பெரிது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் குறுக்கே படிப்படியாக அமைந்துள்ளன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில ஆட்சியில் கட்டப்பட்டது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய் நகரை ஊடுருவிச் சென்று வயல்களையும் நயினார் குளம் முதலிய குளங்களையும் வளப்படுத்தியது. ஆற்றின் தென்புறம் பாளையங்கால்வாய் அவ்வாறே பணி செய்தது.

இவ்வணைகளின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. மேலை அணையின் வயல்களில் பாய்ந்த நீர் முழுதும் பயிருக்கே செலவாகிவிடுவதில்லை. ஒரு பகுதி மண்ணுள் இறங்கி, நிலத்தடியில் மெல்ல ஊர்ந்து, மீண்டும் ஆற்றை அடைந்து, கீழை அணைக்குப் பயன்படுகின்றது. ஆகவே பள்ளத்தாக்கின் மண்ணே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏரியாகவும், கண்ணுக்குத் தெரியாத ஒரு கால்வாயாகவும் நின்று உதவியது. மண்ணின் வாய் திறந்திருந்தமையே அதற்குக் காரணம்.

கன்னடியன் கால்வாயைப் பற்றி வழங்கும் செவிவழி வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. கன்னட நாட்டிலிருந்து வந்த அந்தணர் ஒருவர், தாம் பெற்ற பெரும்பொருளை நற்பணியொன்றிற் செலவிட விரும்பி அகத்திய முனிவரின் அருள்வாக்கை வேண்டினார். ஒரு பசுவின் பின்னே செல்க. அது நடந்த வழியெல்லாம் கால்வாய் வெட்டுக. அது படுத்த இடத்தில் குளம் தோண்டுக. அது கோமியம் பெய்த இடத்தில் மடை அமைக்க என்பது அவர் பெற்ற கட்டளை என்பர். செல்வத்தை மண்ணின் வழியே செலுத்திய அப்பெருமகனின் பெயர் அணையிலும் கால்வாயிலும் இன்றளவும் நிலைத்திருக்கின்றது.

பழங்கோயிலின் தளவரிசை

கோயில்களில் கல் பாவுதல் புதியதன்று, பழமையான கைங்கரியமே. நெல்லையப்பர் திருக்கோயில் 850 அடி நீளமும் 756 அடி அகலமும் உடைய பெரும்பரப்பு. இவ்வளவு பெரிய வெளியில் அடியார் வலம் வருதற்கும், திருவுலாப் புறப்படுதற்கும் திண்ணிய தரை வேண்டும் என்பதில் ஐயமில்லை. தேர் ஓடும் வீதியோ இன்னும் உறுதியாக இருத்தல் வேண்டும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் பெருந்தேர் நிலைபெயரும்போது, தரை அமிழ்ந்தால் சக்கரம் புதையுமன்றோ?

ஆயினும் முன்னோர் பாவிய முறை வேறு. பெரும்பாலான பழங்கோயில்களில் நடைவழிக்கு மட்டுமே கனத்த கற்பலகைகள் பாவப்பட்டன. கற்களுக்கு அடியில் மணல் படுக்கை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய சந்து. மழைநீர் அச்சந்துகளின் வழியே மணலிற் புகுந்து மண்ணை அடையும். மண்ணின் ஆவியும் அவ்வழியே வெளிப்படும். கட்டியவிடத்தும் சுண்ணாம்புக் காரையையே பயன்படுத்தினர். அது ஈரத்தை ஏற்று விடவல்லது. கல் பாவாத பகுதி நந்தவனமாகவும் திறந்த மணல்வெளியாகவும் இருந்தது. கருவறையிலிருந்து கோமுகை வழியே வெளிவந்த திருமஞ்சன நீர் நந்தவனத்தை நாடியது. பிராகாரத்து மழைநீர் திருக்குளத்தை நாடியது. கோயிலுக்குள் விழுந்த நீர் கோயில் நிலத்திற்கே உரியது என்ற கொள்கை அவ்வமைப்பில் அடங்கியிருந்தது.

நெல்லையப்பர் கோயிலின் திருப்பணி வரலாறு இதனை நன்கு விளக்குகின்றது. 1647ஆம் ஆண்டில் வடமலையப்பப் பிள்ளையன் சங்கிலி மண்டபத்தைக் கட்டுவித்தார். அதனால் அப்பன் கோயிலும் அம்மை கோயிலும் இணைந்தன. 1654ஆம் ஆண்டில் சிவந்தியப்ப நாயக்கர் நந்தி மண்டபத்தை அமைத்தார் என்பர். 1756ஆம் ஆண்டில் திருவேங்கடகிருஷ்ண முதலியார் செய்த உபயமோ கல்லன்று, நந்தவனம். மலர்களுக்காக மண்ணைத் திறந்துவைத்த அவ்வள்ளலின் பெயர், கல்லில் மண்டபம் எடுத்தோர் பெயர்களோடு ஒத்த பெருமையில் வைத்து எண்ணப்படுகின்றது. தளம் இடுவது மட்டுமன்று, தளமிடாது காப்பதும் திருப்பணியே என்பதற்கு அது வரலாறு தரும் சான்று.

மூடிய மண்ணின் நிலை

வண்டிப்பாதைகள் தார்ச்சாலைகள் ஆயின. வயல்கள் மனைகள் ஆயின. நகராட்சியாக இருந்த திருநெல்வேலி 1994இல் மாநகராட்சி ஆயிற்று. 2017இல் சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. புதிய பேருந்து நிலையத்தைக் குறிக்க மக்கள் இன்னும் வேய்ந்தான்குளம் என்ற குளத்தின் பெயரையே வழங்குகின்றனர். நகரம் எந்நிலத்தின்மீது வளர்ந்தது என்பதை அப்பெயர் மறவாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

ஒரு சாலையை இடுமுன் பொறியாளர் செய்வது மண்ணை இறுக்குதல். எவ்வளவு ஈரத்தில் எவ்வளவு இடித்தால் மண் மிகச் செறிவாக இறுகும் என்பதை அறியும் சோதனையை அமெரிக்கப் பொறியாளர் பிராக்டர் 1933இல் வகுத்தார். உலகெங்கும் இன்றும் அம்முறையே வழங்குகின்றது. சாலைக்கு அது இன்றியமையாதது. ஆனால் மண்ணுக்கு அது மூச்சை அடக்குவதாகும். நல்ல மண்ணின் பருமனில் ஏறக்குறையப் பாதி மட்டுமே திண்பொருள்; மறுபாதி நுண்ணிய வெற்றிடங்கள். அவ்வெற்றிடங்களிலேதான் காற்றும் நீரும் தங்குகின்றன, வேர் நுழைகின்றது, மண்புழு ஊர்கின்றது, ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உருளையின் பாரத்தால் அவ்வெற்றிடங்கள் நசுங்கிவிடின், மண் அங்கேதான் இருக்கும். மண்ணுக்குள் இருந்த வாழ்வு இராது.

இறுக்கிய மண்ணின்மீது தாரோ சிமெண்டோ போர்த்தப்பட்டதும் மூன்று தொடர்புகள் அறுபடுகின்றன. முதலாவது காற்று. வேரும் நுண்ணுயிரும் மூச்சுவிட, கரியமிலவாயு கீழே தேங்கும். உயிர்வாயு மேலிருந்து இறங்காது. இரண்டாவது உணவு. இலை உதிர்ந்து மக்கி மண்ணாவது நின்றுவிடுகின்றது. சருகு கழிவாகி வண்டியேறிப் போய்விடுகின்றது. மூன்றாவது நீர். மழை மண்ணிற் புகாமல் வாய்க்காலுக்கு ஓடுகின்றது. ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கர் பரப்பில் பொழியுமாயின் அது 40,000 லிட்டருக்கு மேற்பட்ட நீராகும். நெல்லையப்பர் கோயில் அளவுள்ள பதினான்கு ஏக்கர் பரப்பில் அச்சிறு மழையே ஐந்தரை லட்சம் லிட்டரைத் தாண்டும். அவ்வளவும் நிலத்திற்கு வந்த கொடை. அதனை ஏற்பதும் தெருவில் விடுவதும் தரையின் அமைப்பைப் பொறுத்தது.

வெப்பமும் மண்ணைத் தாக்குகின்றது. சித்திரை வெயிலில் கருந்தார் பழுக்கக் காய்ந்து, அச்சூட்டைக் கீழேயுள்ள மண்ணுக்கும் செலுத்துகின்றது; இரவிலும் எளிதில் ஆறுவதில்லை. ஈரமண் சூடேறும்போது நீராவியை விட்டுத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். மூடிய மண்ணுக்கு அவ்வழி இல்லை. பிராகாரங்களில் அடியார் காலடி வேகாதிருக்கத் தேங்காய்நார் விரிப்பிட்டு நீர் தெளிப்பதும், வெள்ளை வண்ணம் பூசுவதும் இக்காலத்துக் கோயில்களில் காணும் காட்சி. நந்தவன நிழலும் மணல்வெளியும் குறைந்தமையின் விளைவு அது.

மூடிய மண் எங்கும் வறண்டே இருக்கும் என்று கருதிவிடலாகாது. சிலவிடங்களில் அதற்கு மாறாகவும் நிகழ்கின்றது. கீழிருந்து எழும் ஈரம் வெளியேற வழியின்றித் தளத்தின் அடிப்புறத்தில் தேங்கி நிற்கும். நீர் உண்டு, காற்று இல்லை என்ற நிலை அது. அவ்வீரத்தைத் தேடித் தளத்தை ஒட்டியே படரும் வேர்கள் பருத்து, நாளடைவில் சிமெண்டைப் பிளந்து தூக்குகின்றன. மரம் தளத்தைக் கெடுத்தது என்று மரத்தின்மேல் பழி வரும். முன்பு செய்த பிழை யாருடையது என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

அதிட்டானத்தின் துன்பம்

திருக்கோயில்களுக்கு இதனால் நேரும் தீங்கு இன்னும் நுண்ணியது. பிராகாரத்தின் மண் திறந்திருந்தபோது நிலத்தின் ஈரம் எங்கும் பரவலாக ஆவியாயிற்று. சுவரின் ஓரம்வரை சிமெண்டு பூசி மூடியபின், அவ்வீரம் வெளியேறும் வழியைத் தேடிச் சுவரையே நாடுகின்றது. கல்லின் நுண்துளைகள் வழியே அது மேலேறும்போது மண்ணிலும் சிமெண்டிலும் உள்ள உப்புகளையும் உடன் கொண்டு செல்கின்றது. நீர் உலர, உப்பு கல்லின் தோலுக்குள் படிகமாகி விரிய, கல் பொருக்குப் பொருக்காக உதிர்கின்றது.

இவ்வுதிர்வு நிகழும் இடம் யாது? சுவரின் அடிப்பகுதி. குமுதமும் பட்டிகையும் அமைந்த அதிட்டானம். பாண்டியரும் பிறரும் தாம் அளித்த நிவந்தங்களை, விளக்கெரிக்க விட்ட ஆடுகளை, நந்தவனத்திற்கு விட்ட நிலங்களை எழுத்தாகப் பொறித்துவைத்த இடமும் பெரும்பாலும் அதுவே. ஒரு காலத்துக் கொடையாளரின் பெயரை மற்றொரு காலத்துக் கொடையாளரின் தளம் அழித்துவிடுகின்றது என்பது வருந்தத்தக்க முரண் அன்றோ? அழிப்பவரும் அறிந்து செய்வதில்லை, பக்தியாலேயே செய்கின்றனர்.

பழைய தளத்தின்மேல் புதிய தளம் என்று திருப்பணிதோறும் உயர்த்திக்கொண்டே போவதாலும் இத்தகைய கேடு உண்டு. உபபீடம் புதைகின்றது; கல்வெட்டின் கீழ்வரிகள் மறைகின்றன; வெளிப்பிராகாரம் உயர, உட்கோயில் பள்ளமாகி, மழைநீர் உள்ளே நிற்கின்றது. நகர வீதிகளிலும் இதே நிலை நேர்ந்து, வீடுகள் சாலையினும் தாழ்ந்து போயின. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்தபின்னரே புதியது இடவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்த நேர்ந்தது அதனாலேயே.

தலமரமும் பிறவும்

மரத்தின் வேர் ஆழத்தில் மட்டுமே உளது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் உணவும் நீரும் ஏற்கும் நுண்வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் ஓரிரண்டு அடிக்குள்ளேயே, கிளைகளின் விரிவையும் கடந்து பரந்து கிடக்கின்றது. ஆகவே அடிமரத்தைச் சுற்றி அழகிய சிமெண்டு மேடை கட்டுவது, வணக்கத்திற்குரிய மரத்தின் வாயை மூடுவதற்கு ஒப்பாகும். மரம் உடனே வாடுவதில்லை. ஆண்டுகள் சில கழித்து நுனிக்கிளை காயும். காரணம் அறியாது மருந்து தேடுவர். அரசும் வேம்பும் நின்ற பழைய மேடைகள் மண்ணை அணைத்த கல்லடுக்குகளாக இருந்தமையால் அத்தீங்கு குறைவாயிருந்தது.

தில்லி மாநகரில் மரங்களின் அடியைக் கான்கிரீட்டால் மூடிய வழக்கம் வழக்காகித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின்முன் வந்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவிற்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு 2013இல் அத்தீர்ப்பாயம் ஆணையிட்டது. நெதர்லாந்து நாட்டில் 2021 முதல் ஊருக்கு ஊர் போட்டியிட்டு முற்றத்துப் பாவுகற்களைப் பெயர்த்துச் செடி நடும் விழா நடந்து வருகின்றது. சீனம் மழைநீரை உறிஞ்சும் நகரங்களை அமைக்க 2015 முதல் மாதிரி நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. மண்ணை மூடுவதில் முந்திச் சென்ற நாடுகள் மண்ணைத் திறக்கப் பொருள் செலவிடுகின்றன என்பது கருதத்தக்கது.

2023ஆம் ஆண்டின் வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்பாண்டி நாட்டில் பெய்த மழையை மக்கள் மறவார். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. தாமிரபரணி கரைபுரண்டது, குறுக்குத்துறை முருகன் திருக்கோயிலை வெள்ளம் சூழ்ந்தது, நெல்லை நகரின் தாழ்ந்த பகுதிகளில் நீர் புகுந்தது. அத்தகைய பெருமழையை எந்த மண்ணும் முழுதும் உறிஞ்சிவிட இயலாது. தளமிட்டமையாலேயே வெள்ளம் வந்தது என்று கூறுவது உண்மைக்குப் புறம்பு. எனினும் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வழக்கமான மழைக்கே தெருக்கள் குளமாவதும், அம்மழை ஓய்ந்த சில திங்களிலேயே கிணறுகள் வற்றுவதும் நிகழும்போது, மேலே நீர் நிற்க, கீழே மண் தவிக்கின்றது என்பது தெளிவு. வேதபட்டரின் நெல்லைக் காக்க இறைவன் வெள்ளத்திற்கு வேலியிட்டான். மாந்தரோ மண்ணுக்கும் மழைக்கும் இடையே வேலியிட்டுவிட்டனர்.

உபயதாரர் செய்யத்தக்கன

திருப்பணிக்கு வாரி வழங்கும் செல்வர்கள் தளவரிசையை விரும்பி ஏற்பதற்குக் காரணங்கள் உண்டு. மழைக்காலச் சேறும், முள்ளும், நச்சுயிர்களும் அடியாரைத் துன்புறுத்தலாகாது. முதியோர் தடுக்கி விழலாகாது. திருவிழாக் கூட்டம் தாராளமாக நடத்தல் வேண்டும். இவை யாவும் நியாயமானவை. ஆகவே தளமே வேண்டா என்பது அறிவுடைமை ஆகாது. தளம் எங்கே வேண்டும், எவ்வாறு வேண்டும், எங்கே வேண்டா என்பதே ஆராயத்தக்கது.

வலம்வரும் வழியிலும் வாகன வழியிலும் கனத்த கற்பலகைகளை மணற்படுக்கையின்மீது, சந்துகளைச் சிமெண்டால் அடைக்காது பாவலாம். பேவர் பிளாக் கற்களை இடுவதாயினும், அவற்றின் கீழே கான்கிரீட் போடாது மணலும் சரளையும் பரப்பினால் ஓரளவு நீர் இறங்கும். சந்துகளில் தூசு அடையாது அவ்வப்போது தூய்மை செய்தலும் வேண்டும். சுவரின் அடியை ஒட்டிச் சில அடி அகலத்திற்குத் தளமிடாது மணலோ கூழாங்கல்லோ பரப்பி, நீர் தேங்காதவாறு சாய்வும் வடிகாலும் அமைத்தால் அதிட்டானம் மூச்சுவிடும். புதிய தளம் இடுமுன் பழைய சிமெண்டை அகற்றி, பண்டைத் தரைமட்டத்தைக் காணுதல் முறை. தலமரத்தைச் சூழக் கிளைநிழல் அளவிற்கு மண்ணைத் திறந்துவைத்து, சருகை அங்கேயே மக்கவிடலாம். 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு, பெயரளவில் நில்லாமல், கூரைநீரும் பிராகார நீரும் திருக்குளத்தையும் கிணற்றையும் உண்மையில் அடையுமாறு தூர்வாரப்படுதல் வேண்டும். மூடியே கிடந்த மண்ணைத் திறந்த உடனே அது பழைய நிலையை அடைந்துவிடாது. கிளறி, தொழுவுரம் இட்டு, ஆண்டுகள் சில காத்திருக்க வேண்டும். ஓர் அங்குல நன்மண் இயற்கையில் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்பதை எண்ணினால் அக்காத்திருப்பு பெரிதன்று.

தளக்கல்லில் உபயதாரர் பெயர் பொறித்தல் வழக்கம். திறந்த மண்ணில் பெயர் பொறிக்க இயலாதே என்று சிலர் தயங்கலாம். கன்னடியன் என்னும் பெயர் கல்லில் அன்று, ஓடும் நீரில் எழுதப்பட்டிருக்கின்றது. அஃது இன்னும் அழியவில்லை. 1756இல் நந்தவனம் அளித்தவரின் புகழ் நாள்தோறும் மலர்ந்த பூக்களால் எழுதப்பட்டது. அவ்வழியில் நிற்போரும் இன்று வேண்டப்படுகின்றனர்.

பாலிகையில் இட்ட விதை சில நாட்களில் மண்ணைப் பிளந்து தலைநீட்டும். அம்முளையைக் கண்டு மகிழும் அடியார், தாம் நிற்கும் தரையின் கீழும் அத்தகைய மண் உண்டு என்பதையும், அதற்கும் ஒரு துளி நீரும் ஒரு மூச்சுக் காற்றும் வேண்டும் என்பதையும் கருதுவாராக. வேணுவனத்து மூங்கிலின் அடியில், ஈரமண்ணிலே தோன்றியருளிய நெல்லையப்பரும் காந்திமதி அம்மையும் பொருநை நாட்டின் நிலத்தையும் நீரையும் காத்தருள்க. தூபிமேல் சொரியும் திருநீர் தூணிலும் சுவரிலும் வழிந்து இறங்கி, ஈற்றில் நிலமகளின் நெஞ்சையும் நனைக்குமாறு தரை திறந்திருக்குமாயின், அதுவே நிறைவான திருக்குட நீராட்டாகும்.